மோவாய் சின்னதா, பல் தூக்கலா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. செல்பியில் மோவாய் உள்வாங்கித் தெரிகிறது. ஊசி போட்டால் ஒரே நாளில் எடுப்பாகிவிடும், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள் அழகு நிலையத்தில். போடலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த செல்பியில் யாருக்கும் மூக்கு பெருத்து, மோவாய் சிறுத்துத்தான் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று, கேமராவை முக உயரத்தில் பிடித்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். உதட்டை இறுக்கக் கூடாது.

அந்தப் படத்தில் மூக்கு நுனியையும் மோவாயையும் தொட்டு ஒரு ஸ்கேலை வையுங்கள். கீழுதடு அந்தக் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதே அழகு என்று பல் மருத்துவப் பாடப்புத்தகம் சொல்லும். அது வெள்ளையர் முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் உதடு சற்றுத் தடிப்பு. கோட்டைத் தொட்டால் குறையே இல்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணுக்குச் சில மில்லிமீட்டர் தெரியவும் தெரியாது.

உதடு கோட்டைத் தாண்டி நின்றால் மட்டும் நிதானியுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். முன்பல் தூக்கியிருந்தால் உதடு முன்னே வரும், சரியான மோவாய்கூடச் சிறியதாகத் தோன்றும். வாயை மூடும்போது மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழி குழியாகிறதா? தசை இழுத்துப்பிடித்துத்தான் வாய் மூடுகிறது என்று பொருள். பல்தான் காரணமென்றால் கம்பி போட்டு உள்ளே இழுத்தாலே மோவாய் எடுப்பாகிவிடும். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். பல்லை அப்படியே விட்டு ஊசி போட்டால் முகத்தின் கீழ்ப்பாதி மொத்தமும் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும்.

பல்லா, தாடையா என்பதைப் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே (செபலோகிராம்) சொல்லும். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரிடம் போங்கள். எக்ஸ்ரேவுக்குக் காசு வாங்கிக்கொண்டு படத்தைக் கையில் தராத இடங்கள் எத்தனையோ! கேட்டு வாங்குங்கள்.

ஊசியில் போவது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம் என்ற கூழ், 1 முதல் 2 மில்லிலிட்டர். ஒரு வருடம் முன்னேபின்னே கரைந்துவிடும், மறுபடி செலவு. ரத்தக்குழாயில் ஏறினால் தோல் செத்துக் கருகும். அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. அந்தக் கூழைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து அதே அறையில் தயாராக இருக்க வேண்டும். அழகு நிலையத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். மருத்துவப் பட்டம் இல்லாதவர் இந்த ஊசியைப் போடச் சட்டத்தில் இடமில்லை.

தாடை எலும்பே சிறியது என்று தெரிந்தால் முகத்தாடை அறுவை நிபுணரிடம் போங்கள். மகள் குறட்டை விடுவாள் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிறிய தாடை தூக்கத்தில் மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும்.