ஒரு படத்துக்குள் ரகசியச் செய்தியை எப்படி ஒளித்து வைக்கிறார்கள்?

சாதாரணமாகத் தெரியும் டிஜிட்டல் படத்துக்குள், செய்தி ஒன்று இருப்பதே தெரியாதபடி அதைப் புதைத்து வைப்பதை ஸ்டெகனோகிராஃபி என்பார்கள்.

கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள்தான். வழக்கமான வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளி) சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சிவப்பு 200 என்பதை 201 ஆக்கினால் நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நீண்ட செங்கல் சுவரில் சில கற்கள் மட்டும் இம்மியளவு வெளிறியிருப்பது போலத்தான். எந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும் அது செய்தி. இரட்டைப்படை எண் என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1 என்று வைத்துக்கொள்வோம். கணினி ஓர் ஆங்கில எழுத்தை எட்டு 0, 1-களாகவே குறித்துக்கொள்வதால், எட்டு எண்களில் ஓர் எழுத்தை ஒளித்துவிடலாம். 1000-க்கு 1000 பிக்சல் படத்தில் 30 லட்சம் எண்கள் இருக்கின்றன. ஒரு நாவலே அடங்கிவிடும், வியப்பாக இல்லையா!

படத்தை ஜேபெக் என்ற கோப்பு வடிவில் சுருக்கினால் இந்த நுண்மாற்றங்கள் அழிந்துவிடும். எண்களை அப்படியே காக்கும் பிஎன்ஜி வடிவம்தான் இந்த முறைக்குச் சரி.

அப்புறம், ஒளித்து வைத்தாலே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சந்தேகப்பட்டுத் தேடுபவரால் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால், செய்தியை முதலில் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டுத்தான் ஒளிக்க வேண்டும்.