மகள் ஜப்பானுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போகலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா,

மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறார். ஜப்பானில் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் மாதம் 2,40,000 தருவதாகச் சொல்கிறது. அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் அந்த 2,40,000 ரூபாய் இல்லை, யென். 100 யென் சுமார் 55 முதல் 60 ரூபாய் வரும். அதை ரூபாயாக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் யென்னிலேயே செலவுக் கணக்கும் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள்.

ஜப்பான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் 'கல்வி' என்ற வகை விசா. அந்த விசாவுக்கு ஒரு நிபந்தனை: எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறாரோ அந்த மொழிவழியில் 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் என்ற பட்டம் மட்டும் இதற்கு ஈடாகாது. மகள் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலவழி என்றால் கவலையில்லை. நடுவில் தமிழ்வழியில் படித்திருந்தால், கல்லூரி ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுவார்களா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்றுமொழிச் சான்று தனித்தனியாக வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தெந்த வகுப்பு, பயிற்றுமொழி ஆங்கிலம் என்று பள்ளியின் தாளில் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். கடைசிப் பள்ளியின் டி.சி. அந்தப் பள்ளியில் படித்த காலத்துக்கு மட்டும்தான் சாட்சி. சின்ன வயதில் படித்த நர்சரிப் பள்ளி மூடப்பட்டிருந்தால் இதற்கே மாதக்கணக்கில் அலைய நேரும். அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

பெயரையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பட்டத்தில் இனிஷியல் பின்னால் என்று நம் பிள்ளைகளுக்கு மூன்று விதமாக இருக்கும். ஜப்பானில் குடியிருப்பு அட்டை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும். வங்கிக் கணக்கு, போன் இணைப்பு, காப்பீடு எல்லாமே அந்த அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

இந்த வேலை மூன்று வழியாகக் கிடைக்கிறது. முதலாவது ஜெட் திட்டம். 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கியது. தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பம், அதிகபட்சம் 5 ஆண்டு. மூன்றில் சம்பளமும் பாதுகாப்பும் இதில்தான் நன்றாக இருக்கும். இந்தியாவிலிருந்து எடுக்கும் எண்ணிக்கை குறைவு என்பதால் இதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, உங்கள் மகளுக்கு வந்திருப்பது: நிறுவனம் வேலைக்கு எடுத்து, நகராட்சியின் கல்வி வாரியத்துக்கு அனுப்பும். அங்கே ஏ.எல்.டி. என்பார்கள், உதவி மொழி ஆசிரியர். மூன்றாவது எய்காய்வா, அதாவது தனியார் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையம். பகல் 12 அல்லது 1 மணிக்குத் தொடங்கி இரவு 9 வரை வேலை, சனிக்கிழமையும் உண்டு. அதற்கு விசா வகையே வேறு. 'கல்வி' விசாவில் போனவர் மாலையில் ஒரு மையத்தில் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்க நினைத்தால் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் வாங்கும் ஒரு மணிநேரச் சம்பளம்கூட விசா நீட்டிப்பில் சிக்கலாகிவிடும்.

இனி ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் நான்கு இடங்களை நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒன்று, 12 மாதமும் முழுச் சம்பளமா? பள்ளி விடுமுறை வரும் ஆகஸ்ட், டிசம்பர் கடைசி, மார்ச்-ஏப்ரல் மாதங்களில் வேலைநாளைக் கணக்கிட்டுச் சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மாதம் 2,40,000 என்ற விளம்பரம் ஆகஸ்டில் பாதியாகலாம். இரண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஷகாய் ஹோகென் எனப்படும் நிறுவனவழிக் காப்பீட்டில் சேர்ப்பார்களா? 51 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் வந்தாலே பொதுவாகச் சேர்க்க வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து விதி. அதில் சேர்த்தால் பிரீமியத்தில் பாதியை நிறுவனம் கட்டும். சேர்க்காவிட்டால் தேசியக் காப்பீடும் தேசிய ஓய்வூதியமும் முழுக்க மகளின் கையிலிருந்து போகும். ஓய்வூதியம் மட்டுமே 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். மூன்று, எந்த ஊர், கார் வேண்டுமா? கிராமப்புறப் பணியிடம் என்றால் பெரும்பாலும் வேண்டும். இங்கே எடுக்கும் சர்வதேச உரிமம் ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு அங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு, 2025 அக்டோபரிலிருந்து இரண்டையும் கடினமாக்கியிருக்கிறார்கள். நான்கு, வீடு யார் பெயரில்? 2007-இல் ஜப்பானின் மிகப் பெரிய பயிற்சி மைய நிறுவனம் திவாலானபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. நிறுவனத்தின் வீட்டில் இருந்தவர்களுக்குத் தங்கும் இடமும் ஆட்டம் கண்டது. நிறுவன வீட்டில் தொடங்குவது தவறில்லை, ஓராண்டுக்குள் சொந்தப் பெயரில் வாடகைக்கு மாறுவது நல்லது.

வேலைக்காக யாராவது முன்பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு அடிப்படையான தகுதிச் சான்றிதழை ஜப்பானில் உள்ள நிறுவனமே அங்கத்திய குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கி அனுப்பும். சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். 2,40,000 யென்னில் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 12,000, ஓய்வூதியத்துக்கு 22,000, வருமான வரிக்கு 5,000, வேலையின்மைக் காப்பீட்டுக்குச் சிறு தொகை. கையில் சுமார் 2,00,000 வரும். சிறு நகரத்தில் ஓர் அறை 50,000 முதல் 60,000. மின்சாரம், கேஸ், தண்ணீர், போன், இணையம் சேர்த்து 20,000 முதல் 25,000. வீட்டில் சமைத்தால் சாப்பாடு 30,000 முதல் 35,000. சிக்கனமாக இருந்தால் மாதம் 50,000 அல்லது 60,000 யென் மிச்சம் பிடிக்கலாம். இங்கே கல்விக்கடன் இருந்தால் அந்தத் தொகையை வைத்துத்தான் தவணையை யோசிக்க வேண்டும், 2,40,000-ஐ வைத்து அல்ல.

இரண்டாம் ஆண்டில் பலர் தடுமாறுவது குடியிருப்பு வரியால். முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது ஜூன் மாதத்திலிருந்து வசூலிப்பார்கள். முதல் ஆண்டில் இது கிடையாது, அதனால் கையில் வருவதே நிலையான வருமானம் என்று தோன்றிவிடும். இந்தச் சம்பளத்துக்கு முழு ஆண்டு வருமானத்தின் மேல் மாதம் ஏறக்குறைய 9,000 யென் வரும். வேலையை விட்டுத் திரும்பும்போது பாக்கியையும் கட்டிவிட்டே வர வேண்டும்.

கையில் குறைந்தது 4,00,000 யென்னோடு அனுப்புங்கள். ஏப்ரலில் வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் மே மாதம்தான் கிடைக்கும், அதுவும் சில இடங்களில் மாதக் கடைசியில். 55,000 யென் வாடகை வீட்டுக்கு உள்ளே நுழைய என்ன ஆகும் என்று பாருங்கள்: ஷிகிகின் என்ற அட்வான்ஸ் ஒரு மாதம், ரெய்கின் என்று வீட்டுக்காரருக்குத் தரும் திரும்பி வராத பணம் ஒரு மாதம், தரகுக் கட்டணம் வரியோடு 60,500, வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம், தீக்காப்பீடும் பூட்டு மாற்றுவதும் சேர்த்து 35,000 அளவில், முதல் மாத வாடகை. கிட்டத்தட்ட 2,90,000. உள்ளே விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவும் இல்லாத வெறும் அறையாகவே பெரும்பாலும் இருக்கும். யூ.ஆர். என்ற பொதுத்துறை வீடுகளில் ரெய்கின், தரகு, உத்தரவாதம் மூன்றும் கிடையாது. வாடகையைப் போல் நான்கு மடங்கு மாதச் சம்பளம் காட்ட வேண்டும். ஊரில் அந்த வீடு இருந்தால் முதலில் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

குடியேறி 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகே வங்கி, போன். கேஸ் இணைப்பைத் திறக்க ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். முன்பதிவு செய்யாமல் வெள்ளிக்கிழமை குடிபோனவருக்குத் திங்கள்வரை வெந்நீர் கிடைக்காது. குப்பை விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. எரியும் குப்பை, பெட் பாட்டில், கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் தனிக் கிழமை. காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், பல ஊர்களில் அந்த ஊர்ப் பையிலேயே வைக்க வேண்டும். தவறினால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். அக்கம்பக்கத்தார் முதலில் கவனிப்பது இதைத்தான்.

பள்ளியில் அவர் வேலை எப்படி இருக்கும்? காலை 8 மணி வாக்கில் வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி உள் ஷூவுக்கு மாறுவதில் நாள் தொடங்குகிறது. இரண்டு, மூன்று பள்ளிகளுக்குப் போகிறவர் அந்த ஷூவைப் பையில் தூக்கிக்கொண்டே திரிய வேண்டும். தொடக்கப்பள்ளியில் ஒரு பாடம் 45 நிமிடம், நடுநிலைப்பள்ளியில் 50. 2020 முதல் 3, 4-ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை, 5, 6-ஆம் வகுப்புக்கு 70 பாடவேளை ஆங்கிலம் உண்டு. வகுப்பாசிரியர் உடன் இருப்பார், வகுப்பின் பொறுப்பும் அவருடையது. 45 நிமிடத்தில் இலக்கணம் நடத்த நேரம் இருக்காது. வணக்கமும் சின்னப் பேச்சும் 5 நிமிடம், புதுச் சொற்களைப் படம் காட்டிச் சொல்லவைப்பது 10 நிமிடம், அட்டை விளையாட்டு, ஜோடியாகப் பேசவைப்பது, கடைசி 5 நிமிடம் பிள்ளைகள் தாங்கள் கற்றதை எழுதுவது. இதையே ஒரே நாளில் நான்கு, ஐந்து வகுப்பில் அதே உற்சாகத்தோடு செய்ய வேண்டும். ஷேக்ஸ்பியர் படித்த பெண்ணுக்கு நாலாம் மாதத்தில் "இதற்கா படித்தேன்" என்று தோன்றும். குழந்தைகளோடு சத்தமாகப் பாடவும் ஆடவும் பிடிக்காத பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது. மகளிடம் இதைத்தான் முதலில் மனம்விட்டுக் கேளுங்கள்.

உச்சரிப்பை நேர்காணலில் நுணுக்கமாகக் கவனிப்பார்கள். நம்மவர்கள் திருத்த வேண்டியவை சிலதான்: வெரி, வெல் என்ற சொற்களின் முதல் எழுத்து நம் வாயில் ஒரே 'வ'வாக ஆகிவிடுகிறது. 'ஸூ' என்று இழைய வேண்டிய விலங்குப் பூங்கா 'ஜூ' ஆகிவிடுகிறது. தினமும் 20 நிமிடம் சத்தமாகப் படித்துப் பதிவுசெய்து கேட்டால் இரண்டு மாதத்தில் வேறுபாடு தெரியும்.

சாப்பாடுதான் உங்கள் வீட்டில் பெரிய கேள்வியாக இருக்கும். பள்ளியில் எல்லோரும் ஒரே மதிய உணவை வகுப்பறையில் பிள்ளைகளோடு சாப்பிடுவார்கள். காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். சைவம் என்றால் சேர்ந்த முதல் நாளே துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லி, வீட்டு டப்பாவுக்கு அனுமதி வாங்கிக்கொள்வதுதான் வழி. அந்தந்த மாத உணவுக்குப் பணம் கணக்கிட்டுவிடுவார்கள் என்பதால் நடு மாதத்தில் மாற்றுவது சிரமம். இந்திய மளிகை டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும், மற்ற ஊருக்கு அஞ்சலில் வரவழைக்கலாம்.

பெட்டியில் மிக்ஸியை வைக்காதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி முனகுமே தவிர தேங்காய் அரையாது. குக்கர் எடுத்தால் அடிப்பாகம் இன்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதா என்று பார்த்து எடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை ஆகியவற்றையும் வைக்க வேண்டாம், விமான நிலையத்தைத் தாண்டாது. மருந்தில் கூடுதல் கவனம் வேண்டும்: மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன்அனுமதி தேவை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வைக்க வேண்டாம்.

இந்த வேலையில் பதவி உயர்வு என்று ஒன்று அநேகமாக இல்லை. ஐந்தாம் ஆண்டிலும் அதே வேலை, ஏறக்குறைய அதே சம்பளம். அதனால் போகும்போதே இரண்டு, மூன்று ஆண்டு என்று வரையறுத்து, அந்தக் காலத்தில் ஜப்பானிய மொழியில் என்2 நிலையை (ஜே.எல்.பி.டி. என்ற மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) தொட வேண்டும் என்று முடிவெடுத்துப் போகட்டும். என்2 இருந்தால் மொழிபெயர்ப்பு, சென்னையைச் சுற்றியுள்ள ஜப்பானிய நிறுவனங்கள், ஜப்பானிலேயே அலுவலக வேலை என்று கதவுகள் திறக்கும். இல்லாவிட்டால் ஆங்கிலம் கற்பித்த அனுபவச் சான்று மட்டும்தான் மிஞ்சும். ஜே.எல்.பி.டி. தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் தொடக்க நிலையான என்5 பாடத்தை இங்கேயே முடித்துவிடலாம். நேர்காணலிலும் அது எடுபடும்.

திரும்பி வந்த பிறகு, கட்டிய ஓய்வூதியத்தை இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதி திரும்ப வாங்கலாம், 5 ஆண்டுக் கணக்கு வரை. அப்படி வாங்கிவிட்டால், 2016-இல் நடப்புக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தப்படி அந்த ஆண்டுகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் உரிமை போய்விடும். மறுபடி ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

திங்கட்கிழமை மகளை அவர் படித்த முதல் பள்ளிக்கு அழைத்துப் போய்ப் பயிற்றுமொழிச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். அது கைக்கு வரும் வரை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.