முதுகுக்கு அறுவை சிகிச்சை: தள்ளிப்போடலாமா?

தைராய்டு புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கும் அம்மாவுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று உங்கள் சித்தப்பா சொன்னதை ஒதுக்கி வையுங்கள். அம்மாவுக்கு வந்திருப்பது ஃபாலிகுலர் வகைத் தைராய்டு புற்றுநோய். இரத்தத்தில் கலந்து எலும்பில் போய்த் தங்குவது அதன் சுபாவம். யார் கத்தியும் அதற்குத் தேவையில்லை. இப்போது முதுகு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால்தான், நீங்கள் அஞ்சுகிறபடி அவர் படுத்த படுக்கையாகும் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கைப்படி நடுமுதுகில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கி, கட்டி தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருக்கிறது. ‘கதிரியக்க அயோடின் மட்டும் போதாதா?’ என்கிறீர்கள். தைராய்டு புற்றுநோய் செல்களுக்குள் புகுந்து கதிர்வீச்சால் அவற்றை அழிக்கும் மருந்து அது. நுரையீரலில் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால் அதையே முதலில் நம்பலாம். எலும்பில் பெரிதாக வளர்ந்த கட்டியிடம் அதன் பலன் குறைவு; நொறுங்கிய எலும்பை அது தூக்கி நிறுத்தவும் செய்யாது. தவிர, அயோடின் கொடுப்பதற்காக, தைராய்டு செல்களைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவை உயர்த்தும்போது கட்டி வீங்கக்கூடும். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிறு வீக்கமே கால்களை முடக்கிவிடலாம். அழுத்தத்தை நீக்கி, எலும்பைத் தாங்கத் திருகாணிகளும் கம்பிகளும் பொருத்திவிட்டு, அயோடினைப் பிறகு தருவதாக உங்கள் மருத்துவர்கள் சொன்ன வரிசை சரியானது. இந்தக் கட்டியில் இரத்தம் அதிகம் ஓடும். அதனால் அறுவைக்கு முன்பு இரத்தக் குழாய்களை அடைக்கும் எம்போலைசேஷன் செய்வார்களா என்று கேளுங்கள். அதற்கான சாயத்திலும் அயோடின் இருப்பதால் கதிரியக்க சிகிச்சை சில வாரம் தள்ளிப்போகும், பரவாயில்லை.

கவனிக்க வேண்டியது கால்களை. நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போவது, தடுமாற்றம், இடுப்புக்குக் கீழே மதமதப்பு, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் படுக்க வைத்தே கொண்டுபோங்கள். திங்கட்கிழமை புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நடை முழுவதும் நின்றுபோன பிறகு அறுவை செய்தால் அது திரும்புவது கடினம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையில் இத்தனை நாள் ஓட்டியது போதும். எண்ணெய் போட்டு நீவுகிறவரை இன்றே நிறுத்துங்கள். நொறுங்கிய முள்ளெலும்பின் மேல் ஒருவர் கட்டைவிரலை வைத்து அழுத்துவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

முட்டைக்கோஸ் தைராய்டுக்கு ஆகாதே, கொடுக்கலாமா என்கிறீர்களா? தைராய்டையே எடுத்துவிட்டவருக்கு அது என்ன செய்துவிடும்! சாப்பிடட்டும். முடி உதிர்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அயோடின் கலக்காத உப்பு, கதிரியக்க சிகிச்சைக்கு முன்னால் மருத்துவமனை சொல்லும் நாட்களுக்கு மட்டும். ஆனால் இணையத்தில் படித்துவிட்டு தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகத் தரும் தைராக்ஸின் மாத்திரையை நீங்களாக நிறுத்தினீர்களே, அதனாலும் டி.எஸ்.எச். உயரும்; அதை நாளைக் காலையே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்.