மேனிஃபோல்டில் கை வைக்கும் முன்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 12 வயது. ஸ்டார்ட் செய்து அப்படியே விட்டால் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது, நடுநடுவே மிஸ் அடிக்கிறது. வேகம் எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி 0171 என்று வந்தது. இன்டேக் மேனிஃபோல்டை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சாக்கெட் செட் வைத்திருக்கிறேன். நானே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டியது மேனிஃபோல்டுதானா, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் அந்தக் குழாய்த் தொகுப்புதானா என்று முதலில் பாருங்கள். பி 0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையான அளவைவிடக் காற்று அதிகம் என்று அர்த்தம். அது எந்த வழியாக வந்தது என்பதை ஸ்கேனர் சொல்லாது. ஐடிலிங்கில் திராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள் இழுப்பு பலமாக இருக்கும். அப்போது மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் போதும், காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் குடிக்கும் காற்றே பல மடங்காகிவிடும். அதில் இந்தத் திருட்டுக் காற்று தெரியாது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் கதை நேர்மாறு, மிதிக்கும்போதுதான் வண்டி திணறும். ஆகவே உங்கள் மெக்கானிக்கின் சந்தேகம் சரியான பக்கம்தான் போகிறது.

இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேனிஃபோல்டும் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) சேரும் இடத்தில் தெளியுங்கள். வயர் கனெக்டர்கள் நனைய வேண்டாம், சுற்றும் ஃபேனிடமிருந்து கை தள்ளியே இருக்கட்டும். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், இன்ஜின் சத்தம் மாறும். சிலர் இதற்கு கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீப்பிடிக்கும், எனக்கு ஒப்புதல் இல்லை. ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்தும் பாருங்கள். மேனிஃபோல்டின் இழுப்பைக் கொண்டுபோகும் வேகுவம் ஹோஸ் ஒன்றின் நுனி வெடித்ததற்காக மேனிஃபோல்டையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உடலிலேயே கீறியிருந்தால்தான் புதிது வேண்டும். கசிவது கேஸ்கெட் (மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும், கழற்றும் வேலை என்னவோ ஒன்றுதான்.

சரி, கழற்றுவோம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இன்ஜெக்டர் ரெயிலை (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மாட்டியிருக்கும் குழாய்) எடுக்க வேண்டியிருந்தால் முதலில் லைனில் உள்ள அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்: பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மேனிஃபோல்டு வழியாக கூலன்ட் போகும் இன்ஜின் என்றால் அதையும் வடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் எடுக்கும்முன் போனில் படம் பிடியுங்கள், டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நினைப்பீர்கள், இருக்காது.

மேனிஃபோல்டைத் தூக்கிய அடுத்த நொடி, ஹெட்டில் தெரியும் ஓட்டைகளில் நூல் பிரியாத சுத்தமான துணியைத் திணித்து அடைத்துவிடுங்கள். பழகிய கைதானே என்று ஒருநாள் இதைச் செய்யாமல் விட்டேன். ஒரு சின்ன வாஷர் இரண்டாவது ஓட்டைக்குள் டிங் என்று விழுந்தது. அலுமினிய வாஷர், காந்தத்தில் ஒட்டாது. கம்பி நுனியில் கிரீஸ் தடவி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதை வெளியே எடுக்க 2 மணி நேரம் ஆனது. அந்த வால்வு மூடியிருந்தது என் நல்ல நேரம். திறந்திருந்தால் சிலிண்டருக்குள்ளேயே போயிருக்கும், ஹெட்டைக் கழற்றாமல் எடுத்திருக்க முடியாது.

பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். ட்ரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட்டு, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி உட்கார வையுங்கள்.

துணிகளை எண்ணிப் பார்த்து எடுத்துவிட்டு, எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே திருகுங்கள். மரை பிடித்த பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 2 அல்லது 3 சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது மிகவும் குறைவான அளவு, வீல் நட்டை இறுக்குகிற கை இங்கே உதவாது. பிளாஸ்டிக் வெடிக்கும், அல்லது அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டி, சாவியை 'ஆன்' வரை 3 முறை திருப்பி நிறுத்துங்கள். பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட். கூலன்ட் வடித்திருந்தால் புதிதாக ஊற்றி ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுக்க மறக்காதீர்கள். முதல் தடவை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மறுநாள் அந்தக் காரில்தான் போயாக வேண்டும் என்கிற நிலையில் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: பழைய கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. சிலிக்கான் பேஸ்ட் தடவி அதையே போடலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை நசுங்கிய ரப்பர் மறுபடி அதே மாதிரி உப்பாது. பிதுங்கி உள்ளே போகும் பேஸ்ட், பெட்ரோல் பட்டு ஊறிப் பிய்ந்துவிடும். சில வி வடிவ இன்ஜின்களில் ஹெட்டும் பிளாக்கும் சேரும் மூலைகளில் மட்டும் பேஸ்ட் வைக்கச் சொல்லியிருப்பார்கள், அங்கே மட்டும் வையுங்கள்.

கேள்வி: மேனிஃபோல்டு மாற்றினேன். இப்போது ஐடிலிங் முன்பைவிட அதிகமாக இருக்கிறது!

பதில்: பேட்டரியைக் கழற்றியதால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், சிறிது நேரம் ஓட விட்டுப் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் எங்கோ ஒரு ஹோஸ் மாட்டாமல் தொங்குகிறது. பிரேக் மிதிக்கக் கைகொடுக்கும் பூஸ்டரின் ஹோஸிலிருந்து தேட ஆரம்பியுங்கள். அது கழன்றிருந்தால் பிரேக் பெடலும் கல் மாதிரி இருக்கும், மாட்டும்வரை வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள்.