ஊசி என்றாலே பயமா?

கேள்வி: வயது 52. முழங்கால் வலிக்கு அக்குபங்சர் செய்துகொள் என்கிறார் அக்கா. எனக்கு ஊசி என்றாலே நடுக்கம். அங்கே என்னதான் செய்வார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் பயப்படுவது காய்ச்சலுக்குப் போடுகிற ஊசியை நினைத்து. அக்குபங்சர் என்பது உடம்பில் சில இடங்களில் ஊசி குத்தி வைக்கும் சீன வைத்தியம். அந்த ஊசி இதைவிட மிக மெல்லியது, அதில் மருந்தும் கிடையாது. முதல் நாள் ஊசியைவிடக் கேள்விகள்தான் அதிகம். தூக்கம், பசி, மலம், மாதவிடாய் என்று முழங்காலுக்குச் சம்பந்தமே இல்லாததையெல்லாம் கேட்டுவிட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்ப்பார்கள், சீன மரபு அப்படி. ஊசி இறங்கும்போது சுருக்கென்று இருக்கும், பிறகு அந்த இடம் கனத்து மந்தமாக வலிக்கலாம். சீனர்கள் இதை 'தே சி' என்று சொல்லி நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். 20, 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும், சிலர் குறட்டையே விடுவார்கள்!

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. வலி சிலருக்குக் குறைகிறது, அதுவும் சில தடவை போன பிறகு. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.