இனிப்புக் குட்டு, கசப்புக் குட்டு: எதில் சத்து அதிகம்?

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாததால் பக்வீட்டுக்கு (குட்டு) மாறியிருக்கிறேன். பச்சை, வறுத்தது, டார்டரி என்று மூன்று விதமாக விற்கிறார்கள். டார்டரி விலை கூடுதல். அதில்தான் சத்து அதிகமா? அந்த மாவை இரவே கரைத்துவைத்துத் தோசை வார்த்தேன், வாயில் வைக்க முடியாத கசப்பு. மாவு கெட்டுப்போயிருந்ததா?

பதில்: பெரும்பாலும் மாவின் மேல் குற்றமில்லை, ராத்திரி முழுக்க ஊறவிட்டதுதான் காரணம்.

பச்சையும் வறுத்ததும் ஒரே தானியத்தின் இரண்டு பக்குவங்கள். டார்டரி வேறு இனம். நேபாளத்தில் பச்சை, வறுத்தது இரண்டுக்கும் உரிய அந்தச் சாதாரண இனத்தை மிட்டே ஃபாபர் என்றும் டார்டரியைத் திதே ஃபாபர் என்றும் சொல்வார்கள்: இனிப்பு, கசப்பு. முழு மணியாகக் கிடைத்தால் கண்ணாலேயே பிரிக்கலாம். இனிப்பு வகை கூரான முக்கோணம்; டார்டரி சிறியது, முனை மழுங்கி, பக்கங்களில் பள்ளம் ஓடும்.

புரதம், மாவுச்சத்து, தாதுக்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உமி நீக்கிய 100 கிராமில் புரதம் சுமார் 13 கிராம், நார் 10, மக்னீசியம் 230 மில்லிகிராம். கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) இதில் தாராளம். கால்சியம் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. அதற்குக் கேழ்வரகை விட்டுவிடாதீர்கள்.

நிஜமான வித்தியாசம் ருட்டின் என்ற ஃபிளாவனாய்டில் (தாவரங்களில் இயற்கையாக இருக்கும் ஒருவகைச் சேர்மம்). இனிப்பு வகையின் 100 கிராமில் சில பத்து மில்லிகிராம் இருந்தால், டார்டரியில் 1,000 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஆனால் அதே மணியில் ருட்டினை உடைக்கும் நொதியும் இருக்கிறது. மாவில் தண்ணீர் பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். சில நிமிடங்களிலேயே ருட்டின் குவர்செட்டின் என்ற வேறொரு ஃபிளாவனாய்டாக மாறி, கசப்பு ஏறும். குவர்செட்டினும் கெடுதலானதல்ல, நாக்குக்குத்தான் தண்டனை. இந்த நொதி மிகக் குறைவாக உள்ள 'மான்தென் கிராரி' என்ற டார்டரி ரகத்தை ஜப்பானில் உருவாக்கியிருக்கிறார்கள்.

உங்கள் மாவைச் சோதிக்க: இரண்டு கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் மாவு போட்டு, ஒன்றில் குளிர்ந்த நீரும் மற்றதில் தளதளவென்று கொதிக்கும் நீரும் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து ருசி பாருங்கள். குளிர்ந்த நீர்க் கிண்ணம் மட்டும் கடுமையாகக் கசந்தால் அது நொதியின் வேலை. இரண்டிலுமே பழைய எண்ணெய் வாடை வந்து தொண்டை கரகரத்தால் மாவு காறிவிட்டது, கொட்டிவிடுங்கள். இதில் கொழுப்பு கொஞ்சம் உண்டு, அரைத்தபின் சீக்கிரம் காறும். கால் கிலோவாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தோசைக்கு ஒரு பங்கு டார்டரி, மூன்று பங்கு இனிப்பு மாவு போதும். டார்டரியை மட்டும் முதலில் கொதிநீர் ஊற்றிக் கரண்டியால் வேகமாகக் கிளறி, ஆறியபின் மற்றதைச் சேர்த்து உடனே வார்த்துவிடுங்கள். ஊறவைக்கவும் வேண்டாம், புளிக்கவைக்கவும் வேண்டாம். முழு மணியாகக் கிடைத்தால் ஆவியில் வேகவைத்து, உலர்த்தி அரைப்பது இன்னும் நல்லது.

ரகத்தைவிட அரைப்பைப் பாருங்கள் என்பேன். ஒரு மணியைக் குறுக்கே நறுக்கினால் முளைக்கரு மடிந்து மடிந்து நடுவில் ஓடுவது தெரியும். புரதமும் ருட்டினும் அதிலும் தவிட்டிலும்தான் அதிகம். பளிச்சென்ற வெள்ளை மாவில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. சாம்பல் நிறத்தில் புள்ளிபுள்ளியாக இருப்பதே நல்லது.

பச்சையா வறுத்ததா என்பது சமையல் வசதிதான். பச்சை மணி கொழகொழக்கும். கழுவி, வடித்து, வெறும் சட்டியில் மூன்று நிமிடம் புரட்டியபின் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும். வறுத்தது முளைக்காது.

உங்களுக்கு முக்கியமான ஒன்று: பக்வீட்டில் குளூட்டன் (கோதுமையில் உள்ள பசைப் புரதம்) இல்லை, ஆனால் கோதுமை அரைக்கும் மில்லில் அரைத்தால் கலந்துவிடும். 'சோபா' என்ற ஜப்பானிய பக்வீட் நூடுல்ஸிலும் பெரும்பாலும் கோதுமை சேர்ப்பார்கள்; பாக்கெட்டில் 100 சதவீதம் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். முதல் தடவை இரண்டு ஸ்பூன் அளவோடு நிறுத்துங்கள். சிலருக்கு இதுவே கடும் ஒவ்வாமை தரும். உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.