பிரான்சின் போவே பேராலயக் கூரை 1284-இல் இடிந்து விழுந்தது ஏன்? அதிக உயரம்தான் காரணமா?

உயரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கூரை சுமார் 48 மீட்டர் என்பது உண்மைதான். கல் வளைவுக்கூரை கீழ்நோக்கி அழுத்துவதோடு தூண்களை வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்தத் தள்ளலை அரைவளைவுகள் வெளியே நிற்கும் உதைதூண்களுக்குக் கடத்த வேண்டும். போவேயில் தூண்களுக்கிடையே அகலம் அதிகம், தாங்கிகளோ மெலிவு. எது முதலில் முறிந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சர்ச்சைதான். பழுதுபார்த்த விதமே நல்ல தடயம்: அகலமான இடைவெளியைக் குறைக்கத் தூண்களுக்கு நடுவே புதுத் தூண்களைச் செருகி, கட்டத்துக்கு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருந்த வளைவுக்கூரையை ஆறு பகுதியாக்கினார்கள்.

அப்புறமும் ஆசை விடவில்லை. 1569-இல் முடித்த 153 மீட்டர் கோபுரம் 1573-இல் சரிந்தது. 1960-களில், அழகைக் கெடுக்கிறதென்று அரைவளைவுகளை இணைத்த இரும்புக் கம்பிகளை அகற்றியதும், காற்றில் கட்டடம் கூடுதலாக ஆடியது. எஃகுக் கம்பிகளைத் திரும்பப் பூட்டவேண்டியதாயிற்று.